முதல் நாற்காலிக்கு எதிரே ஒரு கடல்

போன வாரம் பிரவீன் போன் செய்தான். டயாலிசிஸ் மையத்தில் நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவன். கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன்.

"சார், புது பில்டிங்குக்கு மாறப் போறோம். எல்லாம் புதுசு சார். தண்ணி பிளாண்டுல சென்சாரே கீது. குளோரின் வந்துச்சின்னா அதுவே கத்தும். வெயிட்டிங் ஹால்ல அந்த மீன் தொட்டி ஒண்ணுதான் பேஜாரா கீது. எதுனா ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துடலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம், பிரவீன். டீ குடிக்கிற நேரத்தில் படி. இனிமேல் வரப்போகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் காட்டு.

என் கதை சின்னது. எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தேன். ஐ.டி.ஐ. முடித்து, மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். அது மூடிக்கொண்டது. ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் மையம் தொடங்கியபோது, கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவன் மனுஷனுக்கும் கொடுப்பான் என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பரீட்சையும் எழுதினேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் என்றால் மெஷின்தான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குத் தண்ணீர்தான் தெரியும். சிறுநீரகம் கைவிட்டவரின் ரத்தம் வெளியே வந்து, மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரில் தன் அழுக்கை விட்டுவிட்டு உடம்புக்குத் திரும்புகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடையும். குடிக்கிற தண்ணீரில் அதே குளோரின் இருந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆகையால் தினமும் முதல் ஷிப்டுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. கரித்தூள் வடிகட்டியைத் தாண்டி இருக்கும் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். சோதனைக் குழாயைத் தண்ணீரிலேயே அலசிப் பிடிக்க வேண்டும். சொட்டு மருந்தை விட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே நீட்டி, மேலிருந்து பார்க்க வேண்டும். மஞ்சள் தட்டினால் அன்று மெஷின் ஓடாது.

இந்தச் சடங்கை எனக்குள் ஏற்றியவர் பிலோமினா சிஸ்டர், எங்கள் தலைமை நர்ஸ். ராயபுரத்துக்காரர், துறைமுகத் தொழிலாளியின் மகள். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். "சிஸ்டர், குளோரின் இல்லை" என்று போய் நின்றால் நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"பாத்தியா, நெனச்சியா?"

நேற்று இல்லை, அதனால் இன்றும் இருக்காது என்பது நினைப்பு. ஒரு கணம் தயங்கினாலும் போதும், திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நான் பார்த்த குழாயை இன்னொருவரும் பார்க்க வேண்டும். கொடுக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் ஒன்றும் காட்டக் கூடாது. எனக்கு முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

இனி தேசிங்கு அண்ணன். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். அலையைத் தடுக்கப் போட்ட அலைக்கற்களின் இடுக்கில் முங்கி சிங்கி இறால் பிடிப்பதில் பேர் போனவர். ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அவர் முறை. முதல் நாற்காலி அவருடையது. அதற்கு எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் காத்திருப்புக் கூடத்தின் வெள்ளைச் சுவர். நாலு மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

முதலில் ஒரு வெள்ளி வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய். ஒவ்வொரு முறையும் நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல், ஆட்டோவில் உட்கார்ந்தபடி தூக்கி வரப்படுவார். கடைசியில் ஒருநாள் ஊசியைக் கழற்றிய கையோடு அறிவித்தார்.

"அட்த்த வாரத்துலேந்து நான் வரல சிஸ்டர். கட்டிப் போட்டு செவுத்தப் பாக்க வெச்சிகினு கீறீங்க. இதுக்குப் பேரு உசுரா?"

அவர் மனைவி கஸ்தூரி அக்கா வாசலில் மீன் கூடையோடு நின்றிருந்தார். வியாபாரத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தவர். அழவில்லை, புருஷனை முறைத்துக்கொண்டு நின்றார். வராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம்கூடத் தாங்காது.

சிஸ்டரின் குரல் இறங்கியது. "தேசிங்கு, அந்தச் செவுத்துல இன்னா இருந்தா வருவே?"

"கடல் இருந்தா வரேன்" என்றார், வீம்புக்கு.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "குணா, கேட்டியா?"

எங்கள் தொட்டி இப்படித்தான் பிறந்தது. அறக்கட்டளை மூலை இடத்தையும் மின்சாரத்தையும் மட்டும் கொடுத்தது, காசு கிடையாது என்று சொல்லிவிட்டது. சிஸ்டர் அன்றைக்கே சட்டம் போட்டார். தொட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். நோயாளியின் உடம்பில் பட்ட ஒரு துண்டுக் குழாய்கூடத் தொட்டிக்குப் போகாது. தொட்டியைத் தொட்ட கை கழுவாமல் உள்ளே வராது. தேசிங்கு அண்ணனின் இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கை தண்ணீரில் நனையவே கூடாது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் முகப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெட்டி, சிலிக்கான் வைத்து ஒட்டினேன். ஒரு மருத்துவமனையில் கழித்துப் போட்ட இரும்புக் கட்டில்கள் இரண்டு தாங்கியாயின. கடல் தொட்டி என்றால் மீன் மட்டும் போதாது, கல் வேண்டும். கடலடியில் இருக்கும் கல்மேட்டை மீனவர்கள் பார் என்பார்கள். அதில்தான் எல்லா உயிரும் குடியிருக்கிறது. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். தேசிங்கு அண்ணன் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பாரு மேல கை வெச்சா உள்ள தூக்கிப் போட்ருவான் நைனா. வைக்கவும் கூடாது. அது மீனோட வூடு. நாமளே ஒண்ணு கட்டிக்கலாம்."

கட்டினோம். சிமென்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல்லுப்பு மூன்றையும் பிசைந்து கோணல்மாணலாக வார்த்தோம். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துபோய், கல் முழுக்க ஓட்டை விழும். ஆனால் புதுச் சிமென்ட் தண்ணீரைச் சுண்ணாம்பாக்கிவிடும். எங்கள் சுத்திகரிப்பு எந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் தினமும் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைப் பீப்பாயில் பிடித்துக் கற்களை ஊறப்போட்டு, மாற்றி மாற்றி ஊற்றி, காரம் இறங்கும் வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். நோயாளிகள் வந்து பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா குணா, கல்லு வெந்துச்சா?" என்று கேலி செய்வார்கள்.

கடல் தண்ணீரை தேசிங்கு அண்ணனின் கூட்டாளிகள் ஃபைபர் படகில் கேன் கேனாகக் கொண்டுவந்தார்கள். கரையோரத் தண்ணீர் அவருக்கு ஆகாது. "இங்க எல்லாம் கலீஜு. நெறம் மாறி நீலம் வர்ற வரைக்கும் போவச் சொல்லு" என்பார். என் உப்புமானியை அதில் விட்டேன், எண்ணே காட்டாமல் கோடு கோடாகக் காட்டியது. ரத்தத்துக்கு ஏற்ற உப்பை அளக்கிற கருவி அது. கடல் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே. சுத்தத் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து அளந்து, பெருக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் கூத்து. கல் வைத்து, மணல் போட்டு, காற்றுப் பம்பு ஓடியும் தண்ணீர் தேறவில்லை. அழுகலில் ஊறும் அம்மோனியா குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. அதில் மீனை விட்டால் செத்துப்போகும். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. தேசிங்கு அண்ணன் வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் வெறும் தண்ணீரைப் பார்க்க எத்தனை நாளைக்கு வருவார்? ஒரு வெள்ளிக்கிழமை நான் வடிகட்டிப் பஞ்சை எடுத்துக்கொண்டு கிருமிநாசினித் தொட்டிக்குப் போவதைப் பார்த்தார்.

"அத எங்க எட்த்துகினு போற?"

"ஊறவைக்க அண்ணே. வாரா வாரம் செய்றதுதான்."

"கடல்ல எவன்டா பிளீச்சிங் பவுடர் போட்டான்?"

அங்கிருந்த நர்ஸ்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் பிழைப்பில் கிருமி என்றால் எதிரி. குழாய், வாளி, தரை எதைக் கண்டாலும் கிருமிநாசினி போட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில், அம்மோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டிய நல்ல கிருமிகளை வாரா வாரம் நாங்களே கொன்றுகொண்டிருந்தோம். சிஸ்டரும்தான் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்திருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பஞ்சை அப்படியே விட்டோம், அலைக்கல்லிலிருந்து பாசி படிந்த கூழாங்கல் நாலைக் கொண்டுவந்து போட்டார் அண்ணன். தண்ணீர் தேறியது.

முதலில் வரிவரியான சின்ன மீன்கள் வந்தன. பிறகு சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. கொளத்தூரில் ஒருவர் தன் தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்துக் கொடுத்த காளான் பவளம். எல்லாவற்றுக்கும் மேலே, அலைக்கல்லில் ஒட்டி வளரும் கடல் அனிமோன்கள். அண்ணன் அவற்றைப் பூ என்றுதான் சொல்வார். தண்ணீர் பிடித்திருந்தால் இதழை விரித்துக்கொண்டு ஆடும். பிடிக்கவில்லையென்றால் மூடிக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

வாரம் இரண்டு தடவை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு நோயாளிகள் வைத்த பெயர் டயாலிசிஸ். "அதுக்கும் நம்மள மாதிரி கிட்னி ஃபெயிலு மாமு" என்று சிரிப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும்தான் தொட்டிக்கும் முறை. தன் முறைக்கு முன்னாலேயே வந்து, வலது கையில் உறை மாட்டி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணன்தான் ஊற்றுவார். அதற்குப் பிறகு அவர் ஒரு முறையைக்கூடத் தவறவிடவில்லை. "மீனுக்குத்தான் போறாரு. போவட்டும். எனக்கு ஆளு இருந்தா போதும்" என்றார் கஸ்தூரி அக்கா.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

புயலும் மழையும் ஓய்ந்திருந்தன. ஊரெல்லாம் வெள்ளம் நின்றதால் லாரித் தண்ணீரில் குளோரினை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ராத்திரி கரன்ட் இல்லாததால் தொட்டியின் பம்பு நின்று, தண்ணீர் கலங்கியிருந்தது. மீன்கள் கொஞ்சம் சோர்ந்திருந்தன. கடல் கொந்தளிப்பில் படகு போகவில்லை, கேன்கள் காலி. அவசரத்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்த கடல் உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். வழக்கமாக அதைக் கரைத்து மறுநாள்தான் ஊற்றுவோம், அன்று நேரமில்லை. மெஷின் தண்ணீரைச் சோதித்தேன். அன்று பிரித்த புதுப் பாட்டில் சொட்டு மருந்து. நிறம் மாறவில்லை. குழாயைப் பேசாமல் நர்ஸிடம் கொடுத்தேன், அவரும் இல்லை என்றார். அந்தத் தண்ணீரிலேயே உப்பைக் கரைத்து, அளந்து, அண்ணனும் நானுமாகத் தொட்டியில் பாதிக்கு மாற்றினோம். கை கழுவிவிட்டு உள்ளே வந்து மெஷின்களைத் தயார் செய்யத் தொடங்கினேன். எல்லா நாற்காலிகளிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் நாற்காலியில் இருந்த வாத்தியார் அம்மாவுக்கு ஊசி குத்தியாகிவிட்டது, ரத்தக் குழாயை மெஷினில் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

"நிறுத்து!"

தேசிங்கு அண்ணன். தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, வாத்தியார் அம்மாவின் மெஷினுக்குக் குறுக்கே நின்றார்.

"யாருக்கும் போடாத நைனா. தண்ணி சரியில்ல."

கண்ணாடி வழியே பார்த்தேன். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பூக்கள் எல்லாம் மூடியிருந்தன. எனக்கு வேதனையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"அண்ணே, ராத்திரி பம்பு நின்னதால வந்த வினை அது. மெஷின் தண்ணி பாத்தாச்சு. உக்காருங்க, எல்லாருக்கும் லேட்டாவுது."

"நாம ஊத்தறதுக்கு முன்னாடி பூ தெறந்துதான் இருந்துச்சி. நான் பாத்தேன். ஊத்தின அப்பாலதான் மூடிக்கிச்சி. அத்தையும் பாத்தேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. நாலு நாள் தேங்கிய நீர் உடம்பில் இருந்தது. "என்னத் தள்ளிட்டு வேணா போடு."

சிஸ்டர் வந்தார். அண்ணனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"குணா, பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் சிஸ்டர். ரெண்டு பேருமே பாத்தோம்." அது உண்மை.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்டார்.

"தண்ணியப் பாத்தே. பாட்டிலப் பாத்தியா?"

எனக்குப் புரிந்த வேகத்தில் வெளியே ஓடினேன். லாரித் தண்ணீரை நேரே பிடித்துக்கொண்டு வந்தேன். மூக்கிலேயே குளோரின் நெடி அடிக்கிற தண்ணீர். புதுப் பாட்டிலிலிருந்து சொட்டு விட்டால் மஞ்சளாகப் பொங்க வேண்டும். விட்டேன். பளிங்கு மாதிரி நின்றது. மருந்து செத்திருந்தது. நேற்றைய பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எடுத்து மெஷின் தண்ணீரில் விட்டேன். சோதனைக் குழாய் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறியது. லாரியில் வந்த குளோரினைத் தாங்க முடியாமல் கரித்தூள் வடிகட்டி கைவிட்டிருந்தது.

யாரிடமும் அதைச் சொல்லாமல், முகத்தில் எதையும் காட்டாமல், குழாயை சிஸ்டரிடம் நீட்டினேன். பழக்கதோஷம். அவர் ஒரு பார்வை பார்த்தார். "எல்லா மெஷினும் ஆஃப்" என்றார்.

வாத்தியார் அம்மாவின் ஊசியைக் கழற்றினோம். டாக்டர் ஓடி வந்து, மோசமாக இருந்தவர்களை வேறு மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நாங்கள் வடிகட்டியைப் பிரித்துக் கரித்தூளை மாற்றி, மறுபடி மறுபடி சோதித்து, மெஷின் ஓடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தேசிங்கு அண்ணனை முதலில் போகச் சொன்னார்கள். வேறு மையத்துக்கும் போகவில்லை, இங்கேயும் முந்தவில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் போட்ட பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் மீன்கள் மிதக்கத் தொடங்கியிருந்தன. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அன்றைக்கு நான் வெளியே வந்து, பைக்கைக் கிளப்பாமல், வாய்விட்டு அழுதேன்.

இத்தோடு இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், பார்க்கவில்லை. மறுநாள் புதன்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினார், பின்னாலேயே நாலு கேன்.

சிஸ்டர் கேட்டார், "இன்னிக்கு உனக்கு மொற இல்லியே?"

"எனக்கு இல்ல சிஸ்டர். அதுக்கு" என்று தொட்டியைக் காட்டினார். கடல் இன்னும் அடங்கியிருக்கவில்லை. படகுக்காரரை என்ன சொல்லி அனுப்பினாரோ தெரியாது. மூடிக்கிடந்த பூக்களில் இரண்டு பிழைத்தன. இன்று தொட்டியில் இருக்கும் பூக்கள் எல்லாம் அந்த இரண்டின் வாரிசுகள்.

அதன் பிறகு சடங்கில் இரண்டு வரி கூடியது. முதலில் பாட்டிலை வடிகட்டாத குழாய்த் தண்ணீரில் சோதி. கடைசியில் தொட்டியைப் பார். உனக்கும் சொல்லிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கும்.

தேசிங்கு அண்ணன் அப்புறமும் பல வருஷம் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் வேலையில் சாவு புதிதல்ல, ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்த முதல் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்போது வாசலில் நிழல் தட்டியது. கஸ்தூரி அக்கா. தலையில் மீன் கூடை இல்லை, இடுப்பில் கடல் தண்ணீர்க் குடம்.

"செவ்வாக்கெயம தண்ணி மாத்தணும்னு சொல்லிகினே இருப்பாரு தம்பி. எப்டி ஊத்தணும்னு நீ சொல்லு."

சொன்னேன். வலது கையில் உறை மாட்டிக்கொண்டு, அவரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு அது தேவையே இல்லை. அண்ணன் அப்படித்தான் ஊற்றுவார் என்று இத்தனை வருஷம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஊற்றி முடித்துத் துடைத்துவிட்டு, "வெள்ளிக்கெயமயும் வரட்டா?" என்று கேட்டார். பிலோமினா சிஸ்டர் "வா" என்றார்.

சென்சார் நல்லது, பிரவீன். வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்டவனே நான்தான். கட்டாயம் வை. வைத்துவிட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்.

தொட்டியைத் தூக்குவதைப் பற்றி என்னிடம் கேட்காதே. செவ்வாயும் வெள்ளியும் முதல் ஷிப்டுக்கு முன்னால் ஒரு மீன்காரம்மா வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போகிறாரே, அவர் யார் என்று நீ இதுவரை கேட்டதில்லை. நாளை செவ்வாய்க்கிழமை. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வருவார். அவரிடம் கேள்.